வாடிக்குள் வைத்த டொப்

ராகம ஆஸ்பத்திரி,
12.01.2025, ஞாயிறு.

அன்புள்ள பரீனாவுக்கு,

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். சிரி. போனை நிறுத்தி, கோபிகாவின் கட்டிலுக்குப் பக்கத்து அலுமாரிக்குள் போட்டுவிட்டேன். ஊரில் ஒருத்தர் மிச்சமில்லாமல் எடுத்து, "பிள்ளைக்கு எப்பிடி நடந்தது?" என்று கேட்கிறார்கள். நான் முதலில் இருந்து சொல்லி முடிக்கும் வரைக்கும் அவள் கட்டிலில் கிடந்து அவ்வளவையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பெற்ற மகள் முதுகு முறிந்து கிடப்பதை அவளுக்கு முன்னால் வைத்தே நாளுக்கு நாலு தரம் கதையாகச் சொல்ல எனக்கு ஏலாது.

நேற்றுப் புதிதாக வந்த டொக்டரும் கேட்டார். சொன்னேன். ஜீப்புக்கு மேலே கன்வஸ் துணி, நவம்பர் மழை, காற்றுக்குக் கயிறு அறுந்தது, பின்னால் இருந்த பிள்ளை எழும்பி நின்று துணியை இழுத்துப் பிடித்தாள், பாலாவி றோட்டில் கழுதை குறுக்கே வந்தது, இவர் பிரேக்கை மிதித்தார், பிள்ளை வெளியே போனாள். டொக்டருக்கு எல்லாம் விளங்கியது, கழுதை மட்டும் விளங்கவில்லை. எங்கள் பக்கத்து றோட்டில் கழுதைகள் ஊர்வலம் போவதைப் பற்றி அவருக்கு ஒரு பாடம் நடத்தினேன். அப்போதுதான் கோபிகா முதல் தரம் சிரித்தாள்.

சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்ததும் எனக்குப் பழையபடி அதே நினைவுதான். ஜீப்பின் டொப், அந்த அலுமினியக் கூரை, மேலே இருந்திருந்தால் பிள்ளை கண்ணாடிக்குள் இருந்து மழையைப் பார்த்துக்கொண்டு கிளாசுக்குப் போயிருப்பாள். நவம்பர் முதல் கிழமையே இவரிடம் சொன்னேன்: "மழை தொடங்கப் போகுது, பரீனாட கருவாட்டு வாடியில இருக்கிற டொப்ப எடுத்துப் பூட்டுங்கோ." "ஓம், ஓம்" என்றார். போகவில்லை. என்ன, கொழும்பிலா இருக்கிறது? இரண்டு வேலி தள்ளி. ஏன் போகவில்லை என்று இந்த ஆஸ்பத்திரி வாசலில் வைத்துக் கேட்டேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றோடு அவருடன் கதைப்பதை விட்டேன்.

ஜூன் மாதம் அந்த டொப்பைக் கழற்றச் சொன்னது நான்தான் என்பதும் எனக்கு மறக்கவில்லை. வில்பத்துக் காட்டைப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களுக்குத் திறந்த ஜீப் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அந்தப் பாவத்தில் என் பங்கு என்னிடம் இருக்கிறது.

நான் கதைக்காவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் கிரிசாந்த் மகளைப் பார்க்க வருவார். கடிதத்தை அவர் கையில் கொடுத்துவிடு. ஒட்டிக் கொடு, பிரிக்கமாட்டார். அந்தக் குணம் ஒன்றாவது மிச்சம் இருக்கிறது.

நீ ஒரே ஒரு தரம்தான் வந்தாய். அதுவும் கதிரையின் நுனியில் இருந்துவிட்டு ஓடிவிட்டாய். கோபிகா உன் கட்டாக் கருவாட்டைக் கேட்கிறாள்.

உன்
கோசலாக்கா


நுரைச்சோலை,
17.01.2025.

அன்புள்ள கோசலாக்காவுக்கு,

அல்லாஹ்வின் உதவியால் நாங்கள் சுகம். நீங்களும் பிள்ளையும் சுகமாக வர வேண்டும் என்று ஐந்து நேரமும் துஆக் கேட்கிறேன்.

உங்கள் வீட்டைப் பற்றி யோசிக்க வேண்டாம். காலையில் போய்க் கூட்டுகிறேன். கோபிகாவின் ரோசாச் செடிகளில் இரண்டு இருக்கின்றன, மூன்றாவதை ஆடு தின்றுவிட்டது. யாருடைய ஆடு என்று எழுதமாட்டேன், நீங்கள் வந்து சண்டைக்குப் போவீர்கள். ஜீப்பைத் தென்னைக்குக் கீழே விட்டிருந்தார்கள். தேங்காய் விழும் என்று எங்கள் வீட்டுக்காரர் ஜௌபரிடம் சொல்லித் தள்ளி வைத்து, தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறோம்.

மழை இன்னும் விட்டபாடில்லை. வெயில் இல்லாததால் இந்த முறை கருவாடு சரிவரவில்லை, வாசம் ஒரு மாதிரி. பிள்ளைக்கு அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மாங்காய் அச்சாறு ஒரு போத்தல் அனுப்புகிறேன். மூடி இறுக்கம், கிரிசாந்த் அண்ணனிடம் கொடுத்துத் திறவுங்கள்.

நான் ஒரு தரம்தான் வந்தேன் என்பது உண்மை. பஸ் ஏறினால் எனக்குத் தலை சுற்றும். வீட்டிலும் வேலை. இல்லை அக்கா, அதெல்லாம் சாட்டு. பிள்ளையின் காலைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

கிரிசாந்த் அண்ணன் நன்றாக மெலிந்துவிட்டார். சோறு கொடுத்தனுப்பினால் கோப்பை அப்படியே திரும்பி வருகிறது. எல்லாவற்றையும் அவர் தலையில் போடாதீர்கள். மழை, காற்று, கழுதை, எத்தனையோ சேர்ந்து நடந்த காரியம்.

டொப் வைத்த இடத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
பரீனா


ராகம ஆஸ்பத்திரி,
02.02.2025, ஞாயிறு.

பரீனாவுக்கு,

அச்சாறு முடிந்தது. பக்கத்துக் கட்டில் அனஸ்தாசியா அக்கா பாதி, கோபிகா பாதி. போத்தலை நான் கத்தியால் நெம்பித் திறந்தேன். அவரிடம் கொடுக்கச் சொன்ன உன் கெட்டித்தனம் எனக்கு விளங்காமல் இல்லை.

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன், உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். மார்ச் பதினேழாம் திகதி, திங்கட்கிழமை, கோபிகாவை வீட்டுக்கு விடுகிறார்கள். வீடு என்றால் நுரைச்சோலை இல்லை. நானும் அவளும் உடப்புக்கு, தம்பி யோகேஸ்வரன் வீட்டுக்குப் போகிறோம். சக்கரக் கதிரை ஏறுவதற்குப் படியை உடைத்துச் சரிவாகக் கட்டிக்கொண்டிருக்கிறான். கொஞ்ச நாளைக்கு என்று நினைக்காதே. இருபத்திரண்டு வருசம் அந்த மனுசனோடு இருந்தாகிவிட்டது. பிள்ளையின் உயிருக்கு இரண்டு வேலி தாண்டாத ஆளோடு இனி ஒரு கூரைக்குக் கீழே என்னால் இருக்க முடியாது. அவருக்கு இன்னும் சொல்லவில்லை. தம்பி சொல்வான்.

ஜீப் என் அப்பா கனகசுந்தரத்தின் ஜீப். நான் பிறக்க முன்னமே வாங்கிய லேண்ட் ரோவர். அது என்னோடு வரும். பதினைந்தாம் திகதி சனிக்கிழமை யோகேஸ்வரன் நாலு பேரோடு வந்து, டொப்பைப் பூட்டிக்கொண்டு ராகமைக்கு வருவான். பிள்ளையை அதற்குள் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். துணி கட்டிய ஜீப்பில் இனி அவளை ஏற்றமாட்டேன்.

நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். டொப்பை நாலு டயருக்கு மேல் நிமிர்த்தி வைத்தோமே, அப்படியே இருக்கும்தானே. கண்ணாடி றப்பர்களுக்குத் தேங்காய் எண்ணெய் பூசிவிடு, காய்ந்திருந்தால் வெடிக்கும். ஆணிகளைப் பால்மா டின்னில் போட்டுத் தந்தேன், அதைத் தேடி எடுத்து வை. அலுமினியம் என்றபடியால் துருப் பிடிக்காது என்று அப்பா சொல்வார்.

அதைத் தூக்கி வந்த நாள் நினைவிருக்கிறதா? நாலு மூலையில் நாலு பேர். ஜௌபர், "மையித்தத் தூக்குற மாதிரி மெல்லமாத் தூக்குங்க" என்று சொல்ல, நீ அகப்பையோடு ஓடி வந்து, "அபசகுனமாக் கதைக்காதீங்க" என்று அவரைத் திட்டினாய். பிறகு என்னிடம், "கோசலாக்கா, இது அமானிதம், நம்பித் தந்த சாமான், கண்ணுக்குள்ள வச்சிப் பார்ப்பன்" என்றாய். நீ சொன்னால் சொன்னதுதான் என்று நான் திரும்பியும் பார்க்காமல் வந்தேன்.

கோசலாக்கா


நுரைச்சோலை,
08.02.2025.

அன்புள்ள கோசலாக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். அடுப்பில் சோறு அடிப்பிடித்துவிட்டது.

அக்கா, அவசரப்படாதீர்கள். உங்களுக்குப் புத்தி சொல்லும் அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. ஆனாலும் சொல்கிறேன். அந்த மனுசன் போகவில்லை என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்? மனுசருக்கு ஆயிரம் இருக்கும். போயிருக்கலாம், ஆள் இல்லாமல் திரும்பியிருக்கலாம். டொப்பைத் தூக்க நாலு பேர் வேண்டுமே.

(இதற்குக் கீழே இரண்டு வரி எழுதி வெட்டியிருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதீர்கள்.)

இன்னொன்று. பிள்ளையின் முதுகுக்கு அந்தப் பழைய ஜீப் சரிவருமா? வழி முழுக்கக் குலுக்கும். கனமூலையில் அபூசாலி நானாவிடம் நல்ல வான் இருக்கிறது, ஏசி, காலை நீட்டிப் படுக்கலாம். நான் கேட்டுப் பார்க்கவா? கேட்டால் மறுக்கமாட்டார்.

டொப்பும் அவ்வளவு நல்லாயில்லை அக்கா. கடல் காற்றுத்தானே. கொஞ்சம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. யோகேஸ்வரன் அண்ணனை அலைய வைக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

கோபிகாவின் கால் இப்போது எப்படி? விரல் அசைகிறது என்று கிரிசாந்த் அண்ணன் வந்து சொன்னார். சொல்லும்போது அவருடைய விரலையே ஆட்டிக் காட்டினார். நான் குசினிக்குள் போய் அழுதேன்.

பரீனா


ராகம ஆஸ்பத்திரி,
23.02.2025, ஞாயிறு.

பரீனாவுக்கு,

போன ஞாயிறு உன் கடிதம் வரவில்லை. காய்ச்சல் என்று அவர் கோபிகாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. இப்போது எப்படி? கொத்தமல்லி அவித்துக் குடி.

உன் போன கடிதம் எனக்குப் பிடிக்கவே இல்லை. வெள்ளையாகப் பூத்தால் புளி போட்டுத் தேய்த்தால் போகும். குலுக்கினால் மெல்ல ஓட்டலாம். வானைப் பற்றி நான் உன்னிடம் கேட்டேனா? நீ அவருக்காகக் கதைக்கிறாய் என்பது சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். ஊர் முழுக்க அவர் பக்கம். அமைதியான மனுசன், பாவம், பொண்டாட்டி வாயாடி. நீயாவது என் பக்கம் நிற்பாய் என்று நினைத்தேன்.

கோபிகா வெள்ளிக்கிழமை இரண்டு கம்பிக்கு நடுவில் நின்றாள். நாற்பது செக்கன். பிறகு முழங்கால் மடிந்து இருந்துவிட்டாள். ஒரு வருசம் போனால் ஊன்றிக்கொண்டு நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்கிறார்கள். இருபது வயசு. அப்பா வந்தால் அவரோடு சிரித்துச் சிரித்துக் கதைக்கிறாள். அதைப் பார்க்க எனக்கு ஆத்திரம் வருகிறது, பிறகு ஆத்திரப்பட்டதற்காக வெட்கம் வருகிறது. அவர் பின்னேரம் வரைக்கும் வெளி வாங்குப் பலகையில் இருக்கிறார். நான் அந்தப் பக்கக் கதவால் போவதில்லை.

தம்பி அவரிடம் சொல்லிவிட்டான். ஒரு வார்த்தை எதிர்த்துக் கதைக்கவில்லையாம். "அவ எடுத்த முடிவு சரிதான்" என்றாராம். பிழை இல்லாத மனுசன் அப்படிச் சொல்வானா?

தம்பிக்கும் கொஞ்சம் இளகிவிட்டது. "அக்கா, கடைசியாக ஒருக்கா யோசி" என்கிறான். அதனால் உன்னிடம் நேராகவே கேட்கிறேன். நவம்பர் மாதம் கிரிசாந்த் உன் வாடிக்கு டொப் கேட்டு ஒரு நாளாவது வந்தாரா? வரவில்லை என்று உன் கையால் ஒரு வரி எழுதி அனுப்பு. அதைத் தம்பியிடம் காட்டுவேன். அதற்குப் பிறகு ஒருத்தரும் சமாதானம் பேசிக்கொண்டு என்னிடம் வரத் தேவையில்லை.

கோசலாக்கா


நுரைச்சோலை,
03.03.2025. நோன்பு இரண்டு.

கோசலாக்காவுக்கு,

இந்தக் கடிதம் தபாலில், பதிவு செய்து வருகிறது. கிரிசாந்த் அண்ணன் கையில் கொடுக்கவில்லை. ஏன் என்று கீழே எழுதுகிறேன். முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில்.

வந்தார். இரண்டு தரம் வந்தார். நவம்பர் பன்னிரண்டாம் திகதி ஒரு தரம், இருபதாம் திகதி ஒரு தரம். இரண்டு தரமும் நான்தான் திருப்பி அனுப்பினேன்.

முதல் தரம், "ஜௌபர் கடலுக்குப் போயிட்டாரு, தூக்க ஆளில்ல, வெள்ளிக்கிழம வாங்களேன்" என்றேன். ஜௌபர் உள்ளே படுத்திருந்தார். இரண்டாம் தரம், வாடிப் பூட்டின் திறப்பைக் காணவில்லை என்றேன். திறப்பு என் கைக்குள்தான் இருந்தது. "சரி தங்கச்சி, அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு மழையில் நனைந்துகொண்டு போனார். ஐந்தாம் நாள் பிள்ளை விழுந்தாள்.

ஏன் என்று சொல்கிறேன். செப்டெம்பரில் ஒரு நாள் கட்டா மீன் கொட்டிக் கிடந்தது. வலை முழுக்க அதுதான். என்னிடம் இருந்த இரண்டு தொட்டியும் நிரம்பி, பெரிய தொட்டி வெடித்தும் போனது. வெட்டிய மீன் முற்றத்தில் கிடக்கிறது, பின்னேரத்துக்குள் உப்பில் போடாவிட்டால் அவ்வளவும் மண்ணுக்குள் போகும். வாடிக்குள் திரும்பிப் பார்த்தேன். உங்கள் டொப் நாலு டயரில் இருந்தது. அதை மல்லாத்தினால் எவ்வளவு பெரிய தொட்டி என்று எனக்குத் தோன்றியது. ஒரு நாளைக்குத்தானே என்று நினைத்தேன். ஆட்களைக் கூப்பிட்டு மல்லாத்தி, பொலித்தீன் விரித்து, மீனையும் உப்பையும் அடுக்கினேன். ஜௌபர், "அடுத்தவங்கட சாமான், வேணாம்" என்றார். நான் கேட்கவில்லை.

பிறகு வசதி பழகிவிட்டது. செப்டெம்பர், ஒக்டோபர் முழுக்க அதில்தான் உப்புப் போட்டேன். பொலித்தீன் எப்போது கிழிந்தது என்று தெரியாது. நவம்பரில் மழை பிடித்தது. வெயில் இல்லாமல் மீனை வெளியே எடுத்துக் காயப் போட ஏலாது, எடுத்தால் புழுக்கும். அதனால் உப்புத் தண்ணியிலேயே கிடந்தது. எந்த மழைக்கு உங்களுக்கு டொப் தேவைப்பட்டதோ, அதே மழையில் எனக்கு அதைக் காலி பண்ண வழியில்லை. அண்ணன் வந்து கேட்ட இரண்டு நாளும் அதற்குள் மீன் கிடந்தது. வாடியைத் திறந்து காட்ட வெட்கப்பட்டேன். கொஞ்சம் வெயில் வந்ததும் கழுவி, துடைத்து, ஒன்றும் நடக்காத மாதிரித் தரலாம் என்று நினைத்தேன்.

இப்போது அதில் ஒன்றும் மிச்சம் இல்லை அக்கா. ஆணி பூட்டும் விளிம்பு மாவாகக் கொட்டுகிறது. கூரையில் விரல் போகும் அளவுக்கு ஓட்டை. யோகேஸ்வரன் அண்ணன் வந்தால் பூட்டுவதற்கு எதுவும் இருக்காது. நீங்கள் கேட்ட கருவாடும் அதில் ஊறியதுதான். அதனால்தான் அனுப்பவில்லை. ஆனால் ஒக்டோபரில் உங்கள் வீட்டுக்குத் தந்தது, நீங்கள் எல்லாரும் நல்லாயிருக்கிறது என்று சாப்பிட்டது, அதுவும் அதில் போட்டதுதான்.

தொண்ணூறாம் ஆண்டு, முஸ்லிம் ஆட்கள் என்று எருக்கலம்பிட்டியில் இருந்து எங்களைத் துரத்தியபோது எனக்கு ஐந்து வயது. உம்மா தன்னுடைய தையல் மெசினைப் பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்திடம் விட்டுவிட்டு வந்தா. இருபது வருசம் கழித்துப் போனோம். மெசின் இருந்தது. துணி போட்டு மூடி, எண்ணெய் விட்டு, வீடு ஷெல் விழுந்து உடைந்தபோதும் அவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். உம்மா அந்த மனுசியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் விடவில்லை. அந்த உம்மாவுக்குப் பிறந்த நான் ஐந்து மாசம் ஒரு அமானிதத்தைப் பார்க்கவில்லை. இதை எழுதும்போது என் கை எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

இதையெல்லாம் போன மாதமே எழுதினேன். பதினாறாம் திகதி ஞாயிறு அண்ணன் கையில் கொடுத்து, "இதுல எல்லாத்தையும் எழுதியிருக்கன், நீங்க வந்து கேட்டதையும்" என்றேன். வாங்கிக்கொண்டு போனார். உங்கள் கடிதம் வந்ததும், நீங்கள் வாசித்தும் தெரியாத மாதிரி இருக்கிறீர்களோ என்று பயந்தேன். நேற்று அவரைப் பிடித்துக் கேட்டேன். பிரிக்காமலே கிழித்து கலா ஓயாப் பாலத்தில் இருந்து போட்டுவிட்டாராம். "அவளுக்கு அங்க கதைக்க நீ ஒருத்திதான் இருக்க. நான் எப்பிடியும் அவளுக்குக் கெட்டவன்தான். நீயும் கெட்டவளாப் போனா அவ யாரோட கதைப்பா?" என்று கேட்டார். எனக்குக் காய்ச்சல் என்றதும் அவர் சொன்ன பொய்.

நோன்பு பிடித்துக்கொண்டு, வரவில்லை என்று உங்களுக்கு எழுத என்னால் முடியாது. நோன்பு இல்லாவிட்டாலும் முடியாது என்று எழுதத்தான் விருப்பம். ஆனால் மூன்று மாசமாக மறைக்க முடிந்ததே.

எனக்கு மாப்புத் தாருங்கள். தராவிட்டாலும் உங்கள் பக்கம்தான் நியாயம். அவரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பரீனா


ராகம ஆஸ்பத்திரி,
09.03.2025, ஞாயிறு.

பரீனா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. வார்டுத் தாதி கையெழுத்து வாங்கித் தந்தாள். வாசித்து முடித்துவிட்டு முதலில் செய்த வேலை, வாயைக் கழுவியது. ஒக்டோபரில் சாப்பிட்ட கருவாட்டுக்கு மார்ச்சில் வாய் கொப்பளித்த மனுசி நானாகத்தான் இருப்பேன்.

இன்றைக்கு அவர் வந்ததும் வெளி வாங்குக்குப் போனேன். அவருடன் கதைத்து மூன்று மாசத்துக்கும் மேலே. என்னைக் கண்டதும் எழும்பி நின்றார், டீச்சரைக் கண்ட பிள்ளை மாதிரி. உன் கடிதத்தைக் காட்டினேன். "ஏன் சொல்லேல்ல?" என்று கேட்டேன். கடிதத்தை மடித்து என்னிடம் தந்தார். பிறகு சொன்னார். முதல் நாளே அவருக்குத் தெரியுமாம். உன் வாடிக் கிடுகு இடுக்கால், டொப்புக்குள் அடுக்கிய மீன் வால்கள் தெரிந்ததாம். "இந்த மழையில அந்தப் புள்ள அவ்வளவு மீனையும் எங்க கொண்டு போய்க் கொட்டும்? வெயில் வரட்டும் எண்டு நெனச்சன்" என்றார். நனையும் மகளை விட உன் மீன் அவருக்குப் பெரிதாக இருந்திருக்கிறது என்று கத்தினேன். வார்டுக்கே கேட்டிருக்கும். அவர், "ஓம். அதத்தான் நானும் ஒவ்வொரு நாளும் நெனைக்கிறன்" என்றார்.

அதற்கு மேல் என்னால் கத்த முடியவில்லை. பக்கத்தில் இருந்தேன். சட்டைக் கொலர் அவர் கழுத்துக்கு எவ்வளவு பெரிதாகிவிட்டது என்று அப்போதுதான் பார்த்தேன். நீ ஜனவரியிலேயே எழுதினாய். நான் மாங்காய்ப் போத்தலைக் கத்தியால் திறந்துகொண்டிருந்தேன்.

யோகேஸ்வரனுக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டேன். சரிவு கட்டியதை அப்படியே விடட்டும், நாங்கள் கோயில் திருவிழாவுக்கு வரும்போது உதவும். பதினேழாம் திகதி நாங்கள் மூன்று பேரும் நுரைச்சோலைக்கு வருகிறோம். வான் ஒழுங்கை அவரே செய்வார். நீ யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

இனி உன் விசயம். எனக்கு உன்மேல் இருக்கும் கோபத்தை எழுத இந்தத் தாள் போதாது. டொப் போனதற்காக இல்லை. தகரம் தகரம்தான், அப்பா மேலே இருந்து என்னைத் திட்டினால் திட்டட்டும். திறப்பைக் கைக்குள் வைத்துக்கொண்டு காணவில்லை என்றாயே, அது மனதை விட்டுப் போகிறது இல்லை. சாப்பிடும்போது வருகிறது, தலை வாரி இழுக்கும்போது வருகிறது. பிறகு இரண்டு மாசமாக என் கடிதங்களை வாங்கி வாங்கி வாசித்தாயே. அவரை நான் திட்டத் திட்ட நீ ரோசாச் செடியைப் பற்றி எழுதினாய். இதை எப்போது மறப்பேன் என்று தெரியாது. மறப்பேன் என்றும் சொல்லமாட்டேன். இப்போதைக்கு வீடு கூட்ட வர வேண்டாம், திறப்பை வாசல் மாடத்தில் வைத்துவிடு.

மாப்புக் கேட்டாய். கேட்டது சரி, ஆள்தான் பிழை. நான் இழந்தது டொப்பும் மூன்று மாசமும். கால் என்னுடையது இல்லை.

கோபிகாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அப்பா பிரேக் அடித்தார், நான் விழுந்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதற்கும் அவருக்குத்தான் ஆறுதல் சொல்கிறாள். பரீனா மாமி ஏன் வருவதில்லை என்று நாளும் கேட்கிறாள். நான் சொல்லமாட்டேன், அவரும் சொல்லமாட்டார். நீ சொல்லத்தான் வேண்டும். நாங்கள் வந்து மூன்றாம் நாள், புதன்கிழமை, நோன்பு திறந்த பிறகு வா. நானும் அவரும் வெளியில் நிற்போம். அவள் உன்னை இருக்கச் சொல்வாளா, போகச் சொல்வாளா என்று எனக்குத் தெரியாது. அதில் நான் உனக்காக ஒரு வார்த்தையும் கதைக்கமாட்டேன், உனக்கு எதிராகவும் கதைக்கமாட்டேன்.

ஒன்று மட்டும். நின்றுகொண்டு சொல்லாதே. அவள் அண்ணாந்து பார்க்க வேண்டி வரும், கழுத்து நோகும். கதிரையை இழுத்துப் போட்டு அவளுக்கு முன்னால் இருந்து சொல்.

கோசலா